ஃபியட் வண்டிக்குள் ஏறிய கப்பல் தண்ணீர்

பெயர்: உதுமான். தகப்பனார்: மெய்தீன் பிச்சை. வயது: ஐம்பத்து நான்கு, பார்க்கிறவர்கள் நாற்பத்தைந்துக்கு மேல் சொல்வதில்லை. தொழில்: ரேடியேட்டர் வேலை, சொந்தப் பட்டறை. படிப்பு: மூன்றாம் வகுப்பு. இருப்பிடம்: தாராவி மெயின் ரோடு குறுக்குச் சந்து, பம்பாய். பூர்வீகம்: திருநெல்வேலி மேலப்பாளையம்.

எனக்கு மராட்டி பேச வரும், எழுத்து தெரியாது. ஆகையால் நான் தமிழில் சொல்லச் சொல்லக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் நம்பிராஜன் அவர்கள், செம்பூர் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில், இன்ஸ்பெக்டர் முன்னிலையில், 1986 மே மாதம் இன்று பகலில் எழுதிக்கொண்டது பின்வருமாறு:

இந்த நிலைய லாக்கப்பில் இருக்கும் காசிம், வயது முப்பது, என் மகள் ஆபிதாவின் மாப்பிள்ளை. என் பட்டறையிலேயே வேலை செய்கிறார். ஆபிதா நிறைமாதமாக இருக்கிறாள். தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து தெரு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். மாட்டுங்காவைச் சேர்ந்த சுந்தரராமன் என்பவரைக் காசிம் கடல் தண்ணீரில் முக்கிக் கொன்று, பிரேதத்தை அவருடைய வண்டியிலேயே உட்கார வைத்ததாக வழக்கு. அப்படி நடக்கவில்லை என்று சொல்லி என் மருமகனை வீட்டுக்குக் கூட்டிப் போகவே நான் வந்திருக்கிறேன்.

பம்பாயில் ரேடியேட்டர் என்றால் உதுமான் பாய் என்பது சயான் முதல் தாணே வரை லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு சினிமாக் கதாநாயகனின் இம்பாலா கார் என் பட்டறை வாசலில் மூன்று நாள் நின்றிருக்கிறது, யார் என்று தூக்கில் போட்டாலும் சொல்லமாட்டேன். இந்த இடத்தில் நம்பிராஜன் அவர்கள் பேனாவை வைத்துவிட்டு, "பாய், ஒம்ம பெருமைய நான் தனியா எழுதித் தாரேன். இப்ப வழக்குக்கு வாரும்" என்றார். ஆகையால் வழக்குக்கு வருகிறேன்.

சுந்தரராமன் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆபீசர். நாற்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், பேச்சில் அடக்கம். ஆனால் ஸ்டீரிங் பிடித்துவிட்டால் வேறு ஆள். அவருடைய தகப்பனார் வாங்கிய வெள்ளை ஃபியட்டை அவர் வீட்டு வண்டியாக வைத்திருக்கவில்லை. சிலிண்டர் ஹெட்டை இழைத்து, கார்பரேட்டரை இரண்டாக்கி, பின் சீட்டைக் கழற்றி எறிந்து, சைலன்சரை மாற்றி, மலை ஏறும் பந்தயங்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகம் போகும். ஒரு குறை என்னவென்றால் மலையில் பாதி ஏறுவதற்குள் வண்டி கொதித்துவிடும். போன வருஷப் பந்தயத்தில் அவர் போனட்டைத் திறந்துகொண்டு ரோட்டோரம் நின்றார், அவர் முந்தி வந்த வண்டிகள் எல்லாம் அவரைத் தாண்டிப் போயின.

அவர் என் பட்டறைக்கு வந்து, "உதுமான் பாய், பஸ்ஸிலே போறவாகூட ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துச் சிரிச்சா. ஒரே ஒரு தடவை நிக்காம உச்சி வரைக்கும் போயிடணும். என்ன வேணா பண்ணுங்கோ" என்றார்.

நான் அவருக்கு விளக்கிச் சொன்னேன். "அய்யரே, இஞ்சினுக்குத் தீனி கூட்டிப் போட்டிய. சூடும் கூடத்தான செய்யும்? கம்பெனிக்காரன் வச்ச ரேடியேட்டரு சாமியாரு வண்டிக்கு வச்சது. ஒமக்கு வேண்டியது பயில்வான் ரேடியேட்டரு" என்றேன். காற்றுப் படும் முகம் அகலமாகவும், தண்ணீர் ஓடும் குழல் வரிசை கூடுதலாகவும் இருந்தால்தான் சூடு இறங்கும் என்பது தொழில் ரகசியம் அல்ல, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை எங்கிருந்து கொண்டுவருவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

அதன் பிறகு நான் தாருக்கானாவுக்குப் போனேன். அங்கே கப்பல் உடைக்கிற இடத்தில் காயாமொழிப் பக்கத்து ஜமால் என்பவர் பழைய சாமான் கிடங்கு வைத்திருக்கிறார். தேடிக்கொண்டே போனதில், கப்பலின் வயர்லெஸ் அறைக்கென்று தனியாக வைத்திருந்த ஒரு சின்ன ஜெனரேட்டரின் ரேடியேட்டர் கண்ணில் பட்டது. கப்பலில் மற்ற எல்லாம் நின்றுபோனாலும் கடைசி வரை ஓடவேண்டிய ஜெனரேட்டர் அது. செம்புக் குழல், பித்தளைத் தொட்டி, வெளிநாட்டு வேலை. ஃபியட்டின் முகத்தைக் கொஞ்சம் வெட்டினால் உட்கார்ந்துவிடும் அளவு. ஆறு வரிசைக் குழல், நான் என் ஆயுளில் அதுவரை பார்த்ததில்லை. மேல் வாயையும் கீழ் வாயையும் பித்தளைத் தகடு வைத்து ஈயம் போட்டு யாரோ மூடியிருந்தார்கள். தூக்கி அசைத்தேன், உள்ளே தண்ணீர் அலம்பியது. எத்தனை வருஷத்துத் தண்ணீரோ, ஒரு சொட்டு கசியவில்லை. ரேடியேட்டர்காரனுக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. நான் அதைத் தோளில் வைத்துக்கொண்டு பரிசுக் கோப்பை வாங்கியவன் மாதிரிதான் வந்தேன்.

அதன் பிறகு பட்டறையில் காசிம் தகட்டைச் சுட்டு எடுத்தார். அடியில் வாளி வைத்து அந்தத் தண்ணீரை நான் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புதுக் குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும், இஞ்சின் சூட்டில் அது குழலுக்குள் படியும். ரேடியேட்டரில் ஏற்கெனவே கொதித்து ஆறிய பழைய தண்ணீர் உப்பை எல்லாம் விட்டுவிட்டு மெத்தென்று ஆகியிருக்கும். அதனால் நல்ல பழந்தண்ணீர் கிடைத்தால் மல்துணியில் வடிகட்டித் திரும்ப அதே ரேடியேட்டருக்கு ஊற்றுவோம். தாராவியில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறவனுக்கு வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனசு வருமா என்பதையும் பார்க்க வேண்டும்.

விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், அதுவும் எங்கள் வழக்கம். துருப்பிடித்திருந்தால் இரும்பு ருசிக்கும், காஸ்கெட் போன இஞ்சின் என்றால் புகை ருசிக்கும். இதில் ஒரு ருசியும் இல்லை. மே மாதத்து உச்சி வெயிலில், பக்கத்தில் ஊதுவிளக்கு எரிந்துகொண்டிருக்க, அந்தத் தண்ணீர் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

காசிம் அப்போதே, "மாமா, யாரு வச்சிருந்த தண்ணியோ. கொட்டிருங்க. நான் வேற தண்ணி பிடிச்சாறேன்" என்றார். நான், "மாப்ள, தண்ணிக்கு யாருய்யா சொந்தக்காரன்? ஒமக்கு ஐஸ் பேக்டரி ஓசில கெடச்சிருக்கு, வேண்டாங்கீரு" என்று சிரித்தேன். கொட்டச் சொன்னது காசிம், கொட்டாமல் வைத்தது நான் என்பதை இன்ஸ்பெக்டர் கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு வழக்கப்படி இரண்டு வாயையும் அடைத்து, காலி ரேடியேட்டரைச் சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில் முக்கி, பம்பு வைத்துக் காற்று அடித்துப் பார்த்தோம். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் குமிழி வரும். ஒன்றும் வரவில்லை. பம்பைக் கழற்றி வைத்தோம். அதன் பிறகு ஒரு குமிழி வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தூங்குகிற மனுஷன் மூச்சு விடுகிற இடைவெளி. காசிம் எந்த இடம் என்று பார்க்கக் குழல் மேல் விரலை ஓட்டினார். விரல் எங்கே நின்றதோ அங்கே குமிழி வந்தது. விரலை நகர்த்தினார், குமிழியும் நகர்ந்து வந்தது. அவர் கையை எடுத்துக் கைலியில் துடைத்துக்கொண்டார். நான், எங்கேயோ தங்கியிருந்த காற்று என்று சொன்னேன்.

அதன் பிறகு வண்டியின் முகத் தகட்டை வெட்டி, புது பிராக்கெட் அடித்து, பெல்ட்டில் ஓடும் விசிறியை எடுத்துவிட்டு பாட்டரியில் ஓடும் விசிறி வைத்து, ரேடியேட்டரை ஏற்றினேன். அந்த மாதிரி வேலையை ஜெர்மனிக்காரன் வந்து பார்த்தாலும் தொப்பியைக் கழற்றுவான். வடிகட்டிய தண்ணீரை ஊற்றினேன். வாளியில் இருந்தது முக்கால் வாளிக்கும் குறைவு, ரேடியேட்டர் நிறையாது என்று நினைத்தேன். கழுத்து வரை வந்து நின்றது.

மறுநாள் காலையில் சுந்தரராமன் என்னையும் உட்கார வைத்துக்கொண்டு மலைப் பாதைக்கு ஓட்டினார். நூற்று அறுபதில் போனோம். நம்பிராஜன் அவர்கள், "மொதல்ல நூத்தி நாப்பதுன்னீரு" என்றார். "அது ஏத்தத்துல, இது எறக்கத்துல" என்றேன். ஏற்றத்தில் வண்டி நிற்கவே இல்லை. சூடு காட்டும் முள் எழுந்திருக்கவே இல்லை. இஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட் போடாமல் விட்டாயா என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். போட்டேன், புதியது. அதையும் மீறி முள் அடியிலேயே கிடந்தது. உச்சியில் நிறுத்தி, போனட்டைத் திறந்து மேல் தொட்டியில் கை வைத்தேன். அவ்வளவு ஓட்டம் ஓடிய வண்டியில் கை பொசுங்கியிருக்க வேண்டும். கிணற்றுக்குள் கை விட்ட மாதிரி இருந்தது. சுந்தரராமன் சின்னப் பிள்ளை போலக் கை தட்டினார். வெளியே வெயில் கொளுத்தியது. வண்டியின் கண்ணாடிகள் உள்பக்கமாக வேர்த்திருந்தன. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

சில நாள் கழித்து அவர் பட்டறைக்கு வந்து, "பாய், எல்லா வண்டியிலேயும் ஜலம் கொறையும். இதிலே கூடறது. காலம்பற திறந்தா வழியறது. நான் ஒரு சொட்டு விடலை" என்றார். இருபத்தாறு வருஷத் தொழிலில் தண்ணீர் குறைகிறது என்று வந்தவர்கள்தான் உண்டு, கூடுகிறது என்று வந்தவர் இவர் ஒருவர்தான். நான் மூடியைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பாக இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாததால், "குடுக்குறத ஏன்வே வேண்டாங்கிய" என்று சொல்லி அனுப்பினேன்.

அதன் பிறகு அவருடைய வீட்டம்மாள் ஷ்யாமளா அவர்கள், கிங்ஸ் சர்க்கிளில் கறிகாய் வாங்க வந்தவர், டாக்ஸி பிடித்துப் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். அந்த மாதிரி குடும்பத்துப் பெண்கள் எங்கள் சந்துக்குள் வருவதில்லை. உட்கார ஸ்டூல் போட்டேன், உட்காரவில்லை. "வண்டி நிக்கற எடத்திலே ஈரம் காயவே மாட்டேங்கறது. மாடியிலே பாகீரதி மாமி, 'என்னடி, குழாய் ஒடைஞ்சுடுத்தா'ன்னு தெனம் கேக்கறா. அது போகட்டும். ஆபீஸ்லேர்ந்து வந்தா ஆத்துக்குள்ளே வரமாட்டேங்கறார். வண்டிக்குள்ளே போய் கண்ணாடியை ஏத்திண்டு உக்காந்துக்கறார். ஏன்னு கேட்டா, உள்ளே ஜில்லுனு இருக்குங்கறார். காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தா வாங்கிண்டு, 'இரு, பேசிண்டிருக்கா'ங்கறார். உள்ளே வேற யாருமே இல்லை" என்றார்கள். இதைச் சொன்னபோது அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, காசிமைப் பார்த்தார்கள்.

அன்றைக்கே காசிம் மாட்டுங்காவுக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். ஓடி நின்ற இஞ்சின் ஆறும்போது இரும்பு சுருங்கி டிக் டிக் என்று சத்தம் கொடுக்கும், எல்லா வண்டியும் கொடுக்கும். இந்த வண்டி காலையிலிருந்து ஓடவில்லை, சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கியது. ஆனாலும் ரேடியேட்டரில் டிக் டிக் என்று கேட்டதாம். "விட்டு விட்டுக் கேக்கு மாமா. நான் வெரலால ஒரு தட்டுத் தட்டுனேன். நின்னுட்டு. பொறவு அங்கயிருந்து ஒரு தட்டு வந்துச்சு" என்றார். நான் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லி ஆபிதா முன்னால் கேலி செய்தேன். ஆபிதா, "வாப்பா, ஒங்களுக்குக் கேக்கலன்னா இல்லன்னு ஆயிருமா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காசிம் மறுபடியும் போனார். ரேடியேட்டரைக் கழற்றவேண்டும் என்று மன்றாடியிருக்கிறார். "ஞாயித்துக்கிழமை போட்டி காசிம். ஒரே ஒரு தடவை. அப்பறம் நீயே கழட்டிக்கோ" என்று சுந்தரராமன் சொல்லிவிட்டார். சரி, தண்ணீரையாவது மாற்றிவிடுகிறேன் என்று காசிம் கேட்க, அதற்குச் சம்மதித்து, காம்பவுண்டில் விட்டால் மாமிகள் சத்தம் போடுவார்கள் என்று இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு செம்பூர் தாண்டி உப்பளப் பக்கம் போனார்கள். இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டு புறப்பட்டதை வாட்ச்மேன் நெல்லையப்பன் பார்த்திருக்கிறார். சண்டை என்று போலீஸ் எழுதியிருப்பது தப்பு.

மறுநாள் காலையில் உப்பளக்காரர்கள் வண்டியைப் பார்த்தார்கள். அது நின்ற இடம் மேட்டு நிலம், ரோட்டை ஒட்டியது, எந்த வெள்ளமும் அங்கே ஏறாது. சக்கரத்தைச் சுற்றி மண் பொடிப் பொடியாகக் காய்ந்திருந்தது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. உள்ளே கூரை வரை தண்ணீர். சுந்தரராமன் ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் நான் சேர்த்தது இல்லை, போலீஸ் பஞ்சநாமாவில், அதாவது இடத்தைப் பார்த்துச் சாட்சிகளோடு எழுதிய குறிப்பில், உள்ளதை நம்பிராஜன் அவர்கள் எனக்கு வாசித்துக் காட்டியது.

இந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டி இந்தியில் சொன்னதை நம்பிராஜன் அவர்கள் தமிழில் சொன்னார். "ஆறு ஏழு லிட்டர் பிடிக்கிற டப்பா. அதுல இருந்து ஒரு ஆளு முங்குற தண்ணி வந்துச்சுன்னு நான் மேலதிகாரிக்கு எழுதணுமாங்காரு." நான், வண்டி உங்கள் முற்றத்தில்தானே நிற்கிறது, இப்போதே திறந்து காட்டுகிறேன், ஏழு லிட்டரோடு நின்றால் என்னையும் மருமகனோடு சேர்த்து உள்ளே போடுங்கள் என்று சவால் விட்டேன். இன்ஸ்பெக்டர் சிரித்து, சரி என்றார். வாக்குமூலம் நிறுத்தப்பட்டது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நான் வண்டிக்கு அடியில் படுத்து, வடிகுழாயைத் திறந்து, அடியில் வாளி வைத்துவிட்டு வந்தேன். தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு வந்தது. ஒரு ஹவல்தாரைக் காவலுக்கு நிறுத்தினார்கள். வாக்குமூலம் முடிவதற்குள் அதுவும் முடிந்துவிடும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். வாக்குமூலம் மறுபடி தொடங்கியது.

வெள்ளிக்கிழமை ராத்திரி இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரத்தில் காசிம் வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தார். அவருடைய உடுப்பு காய்ந்திருந்தது. ஒரு ஆளைக் கடலில் முக்கியவன் காய்ந்த உடுப்போடு எப்படி வருவான் என்பதை யாரும் கேட்கவில்லை. கைமுட்டி மட்டும் தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. அவர் ஆபிதாவையும் என்னையும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை சொன்னார். அதன் பிறகு இன்று வரை யாரிடமும் பேசவில்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்:

"கொழாயத் தொறந்தேன். தண்ணி வந்துச்சு. நிக்கும் நிக்கும்னு பாத்தேன், நிக்கல. மண்ணு குடிச்சிட்டே இருந்துச்சு. அய்யரு கொசு கடிக்குன்னு கண்ணாடிய ஏத்திட்டு உள்ள இருந்தாரு. கொஞ்ச நேரங் கழிச்சு டொக் டொக்னு கண்ணாடியத் தட்டுற சத்தம் கேட்டுது. கொழாயத் திருகி மூடிட்டு எந்திரிச்சுப் பாத்தா அவரு நெஞ்சு வரைக்கும் தண்ணி மாமா. டேஷ்போர்டுக்குப் பின்னாலருந்து வருது. கதவ இழுத்தேன், வரல. கல்ல எடுத்து அடிச்சேன், கையால குத்துனேன், கண்ணாடி ஒடையல. அவரு பயப்படல. தட்டுனதும் அவரு இல்ல. அவரு ரெண்டு கையும் ஸ்டீரிங்லதான் இருந்துச்சு."

இந்த இடத்தில் ஹவல்தார் உள்ளே வந்து, வாளிகள் தீர்ந்துவிட்டன என்று சொல்லி, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு வாளிகளை மணலைக் கொட்டிவிட்டு எடுத்துப் போனார். இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தொடரும்படி சொன்னார்.

காசிம் ரோட்டுக்கு ஓடி ஒரு லாரியை நிறுத்தியிருக்கிறார். லாரிக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த லாரியைத் தேடினால் சாட்சி கிடைக்கும். ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியதில், இறந்தவரின் நுரையீரலில் இருந்தது கடல் தண்ணீர், சேறோ எண்ணெயோ ஒரு துளி இல்லாத தெளிந்த தண்ணீர் என்று இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்புதான், ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். இந்தச் செம்பூர்க் கழியிலும் மாஹுல் பக்கத்திலும் கடல் தண்ணீர் தார் மாதிரி இருக்கும். தெளிந்த கடல் தண்ணீருக்குக் காசிம் எந்த ஊருக்குப் போனார்? நடந்தா போனார்?

நம்பிராஜன் அவர்கள், "இத நீரு கோர்ட்டுல கேளும் பாய், ஜட்ஜு எந்திரிச்சு நிப்பாரு" என்றார். பிறகு குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். முற்றத்து வாசல் பக்கமிருந்து தண்ணீர் தரையில் ஒரு கோடாக வந்துகொண்டிருந்தது. காலை மடக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்.

அதன் பிறகு, காசிமைப் பிடித்துக்கொண்டு வந்த அன்று, நான் தாருக்கானாவுக்குப் போய் ஜமாலைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவர் வர மறுத்தார். கிடங்குக்குள் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தி, அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிட்டுச் சொன்னார். "காக்கா, அந்தக் கப்பல் முங்கல. முங்கப்போவுதுன்னு எல்லாரும் எறங்கிட்டாவ. வயர்லெஸ்காரரு மட்டும் தட்டித் தட்டிச் செய்தி அனுப்பிக்கிட்டே இருந்தாராம். பொறவு இழுத்துட்டு வந்து பாத்தா, தளமெல்லாம் காஞ்சு கெடக்கு. வயர்லெஸ் ரூம்ல மட்டும் கூர வரைக்கும் தண்ணி, உள்ள அவரு. அந்தத் தண்ணிய எறைக்க முடியாமத்தான் கப்பலையே ஒடைக்க வித்தாவளாம். நான் நம்பல காக்கா, அதனால ஒங்ககிட்டச் சொல்லல." மூடியிருந்த தகட்டைப் பற்றிக் கேட்டேன். "தெரிஞ்சவன் எவனோ மூடிருக்கான். நாமதான் தொறந்துட்டோம்" என்றார். தொறந்துட்டோம் என்று அவர் சொன்னது மரியாதைக்கு. திறந்து, பிடித்து, வடிகட்டி, மறுபடி ஊற்றியது நான்.

சாட்சிகள் இருவரும் முற்றத்திலிருந்து நிலையத்துக்குள் வந்து மேசை மேல் ஏறி நிற்கிறார்கள். டீக்கடைக்காரருடைய அண்டாவும் நிறைந்துவிட்டது. ஹவல்தார் வடிகுழாயைத் திருகி மூடிவிட்டதாகச் சொன்னார். மூடிய பிறகும் வருகிறது என்றார். இன்ஸ்பெக்டர் தானே போய்ப் பார்த்துவிட்டு முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு திரும்பினார். அவர் இப்போது சிரிக்கவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டேன். இந்தக் கட்டடத்தில் லாக்கப் பின்பக்கம், படி இறங்கிப் போகிற பள்ளத்தில் இருக்கிறது. எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது என்றார்.

நான் காசிமைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சுவருக்கு அப்பாலிருந்து, கம்பியில் விரலால் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது காசிமுடைய விரல் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

இதற்கு மேல் எழுத வேண்டாம், போய்த் திறங்கள் என்று சொன்னேன். முடிவு வாசகமும் கையெழுத்தும் இல்லாமல் வாக்குமூலம் செல்லாது, செல்லாத வாக்குமூலத்தை வைத்துக் கைதியை வெளியே விட முடியாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். கைதியை மேல் அறைக்காவது மாற்றுங்கள் என்றேன். மேலிடத்து உத்தரவு இல்லாமல் அறையை மாற்ற அதிகாரம் இல்லை, ஒரு கொலை வழக்கில் லாக்கப்பைக் காலியாக வைக்கவும் முடியாது என்றார். அப்படியானால் ஆளை மாற்றலாமா என்று கேட்டேன். குற்றத்தை ஏற்க வேறு ஆள் இருந்தால் மாற்றலாம் என்றார்.

ஆகையால் சொல்கிறேன். அந்தத் தண்ணீரை அந்த வண்டியில் ஊற்றியது உதுமானாகிய நான் மட்டுமே. காசிம் கொட்டச் சொன்னார், கழற்றச் சொன்னார், கை உடையக் கண்ணாடியைக் குத்தினார். அவர் மேல் ஒரு பொட்டுக் குற்றம் கிடையாது. அவரை வெளியே விட்டு, அவர் இருந்த இடத்தில் என்னை வைக்க முழுச் சம்மதம். ஆபிதாவைத் திண்ணையில் இருந்து எழுப்பி, கையைப் பிடித்து, மேட்டு ரோடு வழியாகவே வீட்டுக்குக் கூட்டிப் போகும்படி மருமகனுக்குச் சொல்லவேண்டும். பிள்ளை பிறந்தால் தகவல் அனுப்பவேண்டும்.

ஆபிதா இதைக் கேட்டால் அழுவாள். அழ வேண்டியதில்லை என்று எழுதிக்கொள்ளவும். தாமிரபரணியில் ஆளை உருட்டும் வெள்ளத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு நீந்தியவன் நான். தண்ணீர் இந்த மேசையின் இழுப்பறை வரை வந்திருக்கிறது. உதுமானுக்கு இதெல்லாம் ஒரு தண்ணீரா?

யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் மிரட்டாமல், என் வாயால் சொல்லி, திருப்பி வாசிக்கக் கேட்டு, நீச்சலில் எனக்கு நிகர் இல்லை என்பது உள்பட மேலே கண்ட அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) மெ. உதுமான்

சொன்னபடி எழுதி, நாற்காலி மேல் நின்று வாசித்துக் காட்டியவன்: நம்பிராஜன். காசிம் என்பவர் வெளியே கொண்டுவரப்பட்டு மகளிடம் ஒப்படைக்கப்பட்டார். மேற்படி உதுமான் லாக்கப்பின் படியில் இறங்கும்போது எனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். "எனக்கும்தான்வே" என்று சிரித்துவிட்டுப் போனார். இதை வாக்குமூலத்தில் சேர்க்கவில்லை.